அரைப் புள்ளி

"போதும், முழுக்குப் போட்டுடறேன். இனிமே பந்தயமே கட்ட மாட்டேன்" என்று வெர்லின் சொன்னதும் அவன் மனைவி நாடீனின் முகம் தொங்கிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பாள்.

"என்ன அவசரம்? இன்னிக்கு மட்டும் கட்டிப் பாரேன்" என்றாள். வெர்லினுக்கு நெஞ்சு விம்மியது. இந்தியானா மாநிலமே கைவிட்டாலும் பெண்டாட்டி நம்புகிறாளே!

நம்பி என்ன, அவள் மண்டையில் ஒன்றும் ஏறாது. கூடைப்பந்தில் பலமான டீம்மேல் கட்டினால் அது ஜெயித்தால் மட்டும் போதாது, பந்தயம் நடத்துகிறவன் குறித்த புள்ளி வித்தியாசத்தையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் தோற்ற டீம்மேல் கட்டினவனுக்குத்தான் காசு. இதை எத்தனை தடவை விளக்கியிருப்பான்! "ஒன்பதரைங்கிறியே, அந்த அரைப் புள்ளிக்குப் பந்தை எப்படிப் போடுவாங்க?" என்று கேட்டவள் அவள். அதைச் சொல்லிச் சொல்லியே பாரில் எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

இந்த மகா மேதைதான் சீசன் முழுக்கத் தோற்றுவிட்டு, ஆசை ஆசையாய் வாங்கிய மீன்பிடிப் படகை எதிர்வீட்டு கிளைடிடம் விற்றவன். வாங்கின விலையைக் கொடுத்தால் திருப்பித் தருவதாக கிளைடு சொல்லியிருந்தான். இன்றைக்கு ஜெயித்தால் படகு வீட்டுக்கு வந்துவிடும்.

"எந்தப் பக்கம் கட்டப் போறே?" என்றாள் நாடீன்.

"நம்ம ஊர் டீம்தான். ஒன்பதரை வித்தியாசம் குடுத்திருக்கான். பத்து வித்தியாசத்துல ஊதித் தள்ளிடுவானுங்க."

"நிச்சயமாத்தானே?"

"என்னையே கேக்கிறியா? போய் அடுப்புல வெச்சதைப் பாரு."

அக்காவிடம் பேச வேண்டும் என்று சொல்லி, அவள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கடைசி நொடிவரை ஊர் டீம் பத்துப் புள்ளி முன்னால்தான் இருந்தது. ஜெயித்தாயிற்று என்று பையன்கள் கைகுலுக்கக் கிளம்பிவிட்டார்கள். எதிரணியில் ஒரு நெட்டையன், தடுக்க ஆளில்லாத கூடையில் சும்மா பந்தைப் போட்டுவிட்டுப் போனான்.

வித்தியாசம் எட்டாகிவிட்டது. ஊரே கார் ஹாரனை அடித்துக் கொண்டாட, வெர்லின் மட்டும் ஜெயித்த டீமைத் திட்டிக்கொண்டே படுக்கப் போனான்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் படகு நிற்கிறது. முழுப் பணமும் வந்துவிட்டது, நாடீன்தான் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டு கிளைடு தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

வெர்லின் நாடீனிடம் ஓடினான். பணம் ஏது என்று கேட்டான். இந்த சீசனில் பந்தயம் கட்டி ஜெயித்தது என்றாள்.

"நீயா? அரைப் புள்ளின்னா என்னன்னுகூடத் தெரியாதேடி உனக்கு!"

நாடீன் காபியை அவன் கையில் கொடுத்தாள்.

"அதெல்லாம் எதுக்கு? நீ சொல்றதுக்கு எதிர்ப்பக்கம் கட்டினாப் போதுமே."