ஆளுக்கு நான்கு

"இதைத் தள்ளிடுங்க டீச்சர். விடை தப்பு."

தமிழ் சார் இப்படிச் சொன்னதும் கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா சார் பேசறது? கூட்டல் தப்பு, கழித்தல் தப்புன்னு நான் ஒதுக்கினதையெல்லாம் காலையிலேர்ந்து, 'கதை நல்லாருக்கே, பாவம் குழந்தை'ன்னு திரும்ப உள்ள இழுத்துப் போட்டீங்க. இதுக்கு மட்டும் என்ன வந்தது?"

மறுநாள் பள்ளியில் கதைக்கணக்கு விழா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குட்டிக் கதை எழுத வேண்டும். கதைக்குள்ளேயே ஒரு கணக்கு வர வேண்டும், கடைசியில் விடையும் எழுத வேண்டும். கதைக்கு மதிப்பெண் போடத் தமிழ் சார், கணக்குக்குக் கணக்கு டீச்சர். தாள்களில் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். கடைசி மணி அடிப்பதற்குள் முதல் பரிசு யாருக்கு என்று எழுதித் தலைமையாசிரியர் கையில் கொடுத்தாக வேண்டும். நூற்றுப் பத்துத் தாள்களைப் பார்த்து முடித்து, இந்த முப்பத்தேழாம் நம்பரில் வந்து இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொரு தடவை படிக்கறேன், கேளுங்க" என்று டீச்சர் தாளை எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அப்பாதான் சமையல். அவருக்கு ரொட்டி மட்டும்தான் சுடத் தெரியும். அதுவும் சரியாகத் தெரியாது. பதினைந்து துண்டு சுட்டார். மூன்று கரியாகிவிட்டது. அதைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே, கரி பல்லுக்கு நல்லது என்றார். கருகியதைத் தூரப் போட்டுவிட்டு, மீதியை வீட்டில் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தோம். ஆளுக்கு எத்தனை? விடை: நான்கு."

படித்து முடிப்பதற்குள் டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பல்லுக்கு நல்லதாம்! யார் பெத்த பிள்ளையோ, என்னமா எழுதுது!"

தமிழ் சார் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுத்தெல்லாம் சுமார்தான் டீச்சர். கதையில வர்றது அப்பாவும் பிள்ளையும், ரெண்டே பேர். மீதி பன்னெண்டு துண்டு. ஆளுக்கு ஆறுதானே வரணும்? எனக்கே தெரியுது. பேசாம அந்தப் பன்னெண்டாம் நம்பருக்கே குடுத்துடலாம். பூனைக்குட்டி கதை. கூட்டலும் சரியா இருக்கு."

"அதைக் காலையில, 'இந்தப் பூனைக்கு உயிரே இல்லை'ன்னு சொன்னது யாரு?"

தமிழ் சார் பன்னிரண்டாம் நம்பர் தாளை மெல்லக் கட்டுக்குள் செருகினார்.

"நாலுன்னு விடை வரணும்னா மூணு பேர் இருக்கணும்" என்றார் டீச்சர். "அந்த மூணாவது ஆளைப் பத்தி எழுத மறந்திருக்கும். அவ்வளவுதான். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுபோச்சு."

"வேணாம் டீச்சர், சின்னக் குழந்தை, பயந்துடும். மணி வேற அடிக்கப் போகுது."

"அடிக்கட்டும் சார். எங்க வீட்ல வகுக்கற வேலையே கிடையாது, நான் ஒருத்திதான். அதனாலயோ என்னமோ, இந்த ரொட்டியை விட மனசு வரலை."

சொல்லிக்கொண்டே நம்பர் பட்டியலைப் பிரித்து விரலை ஓட்டியவர், "அட!" என்று நிமிர்ந்தார். "சார், முப்பத்தேழு உங்க பொண்ணு!"

தமிழ் சார் திருதிருவென்று விழித்தார்.

"கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொந்தப் பொண்ணுக்கே பரிசைத் தூக்கிக் குடுத்துட்டாருன்னு ஊர் பேசும், அதானே பயம்?"

"ஆமா... ஆமா டீச்சர். அதேதான்" என்று அவசரமாகத் தலையாட்டினார்.

"கதைக்கு வேணா தலைமையாசிரியரே மார்க் போடட்டும். அதுக்காகக் குழந்தை வயித்துல அடிக்கலாமா?" என்றவர், வாசலில் நின்ற ஆயாவை நான்காம் வகுப்புக்கு அனுப்பினார்.

சிறுமி ஓடி வந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. அப்பா பின்னிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. விரலெல்லாம் மை.

"கதை ரொம்ப நல்லாருக்கு பாப்பா" என்று அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார் டீச்சர். "விடையிலதான் ஒரு சின்ன சந்தேகம். உங்க வீட்ல நீயும் அப்பாவும்தானே? பன்னெண்டை ஏன் மூணால வகுத்தே?"

"மூணு பேர்தானே டீச்சர்?"

நான்கு வருடங்களுக்கு முன்னால் தமிழ் சாரின் மனைவி இறந்தபோது, பள்ளியே அந்த வீட்டு வாசலில் போய் நின்றது.

"அம்மாவையும் சேத்துக்கிட்டியா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை டீச்சர். அம்மா படத்துல இருக்காங்க. அவங்களுக்குப் பசிக்காது."

"பாப்பா, போதும், கிளாசுக்குப் போ" என்று தமிழ் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இருங்க சார். அப்போ அந்த மூணாவது ஆள் யாரும்மா?"

சிறுமி டீச்சரை நம்பாமல் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு தமிழ் சார் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா நீங்க! நம்ம வீட்டுக்கே வந்துடறீங்களான்னு டீச்சர்கிட்ட போன மாசமே கேட்டாச்சுன்னு சொன்னீங்க, இன்னும் கேக்கவே இல்லையா?"

கணக்கு டீச்சர் முகத்தை நிமிர்த்தாமல் முப்பத்தேழாம் நம்பர் தாளைத் தன் பக்கம் இழுத்து, நான்கு என்ற விடைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'சரி' போட்டார்.