நடுவில் ஓர் இடைவெளி

சமையலறை மேசை மேல் விழும் காலை வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, மடிக்கணினித் திரையை மூச்சைப் பிடித்தபடி பார்க்கிறாள் அவள். ஊர் உலகமெல்லாம் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு புரோகிராமர் கருவியில் அவள் செய்த திருத்தம் இப்போது சோதனையில் இருக்கிறது. பன்னிரண்டு மஞ்சள் புள்ளிகள், சோதனைகள் தேறத் தேற, ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. ஃபோல்டர் பெயரின் நடுவே இடைவெளி இருந்தால், அதை இரண்டு பெயர்களாகப் படித்து அந்தக் கருவி படுத்துவிடும். புரோகிராமர்கள் யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை என்பதால் பத்து வருடமாக அது எவர் கண்ணிலும் படவில்லை. அவளுடைய ஃபோல்டருக்கு 'மகாராணி வேலை' என்று கேலியாகப் பெயர் மாற்றி வைத்தவன், நர்ஸ் வேலை பார்க்கும் அவள் கணவன். "மூணு நாள் மண்டைய உடைச்சிட்டு, அந்தப் பேரைச் சுத்தி ரெண்டே ரெண்டு மேற்கோள் குறியா போட்ட?" என்கிறான், சொட்டும் கரண்டியோடு. "ஷ்ஷ், இருங்க! கடைசிப் புள்ளி!" அதுவும் பச்சை. அவள் நாற்காலியோடு துள்ளியதில் தேநீர் மேசையெல்லாம் தளும்புகிறது. துடைப்பதற்குள் கருவியைப் பராமரிப்பவரின் பதில் வந்து நிற்கிறது: திருத்தத்தைச் சேர்த்தாயிற்று, பிழையை முதலில் கண்டவர் பெயர் என்ன? அவள் சிரித்துக்கொண்டே கணவன் பெயரை அடிக்கிறாள். அவன் அவள் தோள் வழியே எட்டிப் பார்க்கிறான். "இனிஷியலுக்கு அப்புறம் மறக்காம இடைவெளி விடு."