தாளின் பின்பக்கம்

ஒரு புகைப்படக் கடையில் இங்க்ஜெட் அச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அதிலிருந்த கறுப்பு மை, நூறு ஆண்டுகள் ஆனாலும் மங்காது என்று பெயர் வாங்கியது.

ஒருநாள், இறந்துபோன ஒரு தாயின் முகத்தை அச்சிட வேண்டியிருந்தது. கடையில் மிஞ்சியிருந்த ஒரே பருத்தித் தாளைக் கடைக்காரர் இயந்திரத்தில் வைத்தார். அவசரத்தில் பின்பக்கம் மேலே வரும்படி வைத்துவிட்டார்.

"மையண்ணே, இறங்காதீர்கள்!" என்று பதறியது தாள். "மையைப் பிடித்து நிறுத்தும் பூச்சு எனக்கு மறுபக்கம் இருக்கிறது. நீங்கள் குழாயில் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும், அவர் வந்து பார்த்துவிடுவார்."

"நானா அடைத்துக்கொள்வது?" என்று மை சிரித்தது. "போன மாதம் மஞ்சள் மை அடைத்துக்கொண்டான். இன்றுவரை ஏச்சு வாங்குகிறான். எனக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம். நீ பேசாமல் நேராகப் படு."

மை இறங்கியது. கண்கள் கசிந்து கன்னத்தில் கலந்தன. சிரிப்பு இருந்த இடத்தில் கறை பரவியது.

மாலையில் மகள் வந்தாள். "நாளைக்குக் காரியம். இந்த முகத்தையா வைத்துக் கும்பிடுவேன்?" என்று அழுதுகொண்டே வெறுங்கையோடு போனாள். கடைக்காரர் தாளைப் பீரோவுக்குப் பின்னால் செருகினார்.

இருட்டில் தாளில் ஊறியிருந்த மை மெல்லக் கேட்டது:

"தம்பி, நீயாவது சீக்கிரம் மக்கிப்போவாயா?"

"மாட்டேனே அண்ணே," என்றது தாள். "நான் சுத்தப் பருத்தி. பழுப்புகூட ஏறாது."