கழுத்து தெரிந்தால் போதும்

"போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கம்மா. ஐயாவோட கழுத்து தெரிஞ்சாப் போதும்."

மனைவி போனைச் சாய்த்து வைத்தாள். வீடியோ அழைப்பில், விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்டின் திரையில் இப்போது ஒரு தாடை, தையல் தழும்பு ஓடிய கழுத்து, மூக்கிலிருந்து தொங்கும் குழாய். முகம் வெளியே போய்விட்டது.

புற்றுநோய்க்காக நாக்கில் பாதிக்குமேல் வெட்டி எடுத்தாகிவிட்டது. பேசினால் வெறும் ஓசைதான் வரும். இன்று ஒழுங்காக விழுங்கிக் காட்டினால் குழாயைக் கழற்றிவிடலாம். தவறினால் வயிற்றில் துளையிட்டு நிரந்தரக் குழாய்.

"சாப்பாட்டு விஷயத்துல அவருக்கு நாக்கு நீளம்மா," என்றாள் மனைவி, அவர் வாயோரத்தை மெதுவாகத் துடைத்தபடி. "உப்பு கொஞ்சம் குறைஞ்சாலும் தட்டு பறக்கும். ஒருதடவை என் புருவத்துல நாலு தையல்."

தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். "கவலைப்படாதீங்க, சீக்கிரமே மறுபடி பறக்க விடுவோம்."

வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கெட்டியாக்கும் பொடியைத் தேன் பதத்துக்குக் கலக்க வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தாள். கலந்தாயிற்றா என்று கேட்டாள். "இதோ" என்று மனைவி கரண்டியைச் சுழற்றினாள். கண்ணாடி டம்ளர் கிணுகிணுவென்று ஒலித்தது.

முதல் கரண்டியிலேயே கழுத்து துள்ளியது. இருமலுக்கு நடுவே அவர் ஏதோ அலறினார். கை டம்ளரைச் சுட்டிக்காட்ட எழுந்தது. மனைவி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். திரையில் கழுத்து மட்டும்தான் தெரிந்தது.

"என்னம்மா சொல்றார்?"

"பயப்படறார் பாவம். இன்னொரு வாய் பார்த்துடலாமா?"

இரண்டாவது கரண்டி இன்னும் மோசம். போதும் என்று தெரபிஸ்ட் நிறுத்தினாள். வயிற்றுக் குழாய்க்கு எழுதிவிடுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இப்படிப் பார்த்துக்கொள்ளும் மனைவி கிடைக்க அவர் கொடுத்து வைத்தவர் என்றும் சொன்னாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரை அணைந்தது.

மூடியின் ஒட்டுத்தாள்கூடக் கிழியாத பொடி டப்பாவை அவள் அலமாரியில் வைத்தாள். சூப்பைச் சிரிஞ்சில் நிரப்பி, மூக்குக் குழாயில் பொருத்தி, நிதானமாக இறக்கினாள். அவர் கண்களையே பார்த்துக் கேட்டாள்:

"உப்பு சரியா இருக்கா?"