பந்தலில் ஒரு சிவப்பு

இலை சிவந்திருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேல் பந்தல் முழுக்கப் பச்சை. முதல் காய்ப்பு. பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாய் நிறம் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே, கிழக்குக் கடைசியில், ஒரு கொடி மட்டும் பூத்ததுபோல் சிவந்து கிடந்தது. இலைகளின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது.

இந்தச் சிவப்பு அவளுக்குப் புதிதில்லை.

பழைய தோட்டத்திலும் இப்படித்தான் வந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு பழம் நிறம் எடுக்கவில்லை. இனிக்கவும் இல்லை. வாங்க வந்த வியாபாரி ஒரு பழத்தைக் கடித்தார். துப்பவில்லை. மரியாதைக்கு விழுங்கிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

வைரஸ் என்றார்கள்.

நோய்க்கொடியில் வெட்டிய குச்சியை நட்டால் நோயும் கூடவே முளைக்குமாம். மாவுப்பூச்சி அதைக் கொடிக்குக் கொடி சுமந்து போகுமாம். மருந்தென்று ஒன்றும் கிடையாது, வேரோடு எடுத்துவிடுங்கள் என்று தோட்டக்கலை ஆபீசிலிருந்து வந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அவள் புருஷன் இன்னாசி ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான வருஷம் அவன் தன் கையால் நட்ட தோட்டம். இன்னொரு மருந்து அடித்துப் பார்ப்போம் என்றான். அடித்தான். அதற்கப்புறம் வேறொரு மருந்தும் அடித்தான்.

கடைசியில் அவள்தான் ஆள் வைத்து வேரோடு பிடுங்கினாள். அவளே தீ வைத்தாள்.

புகை அடங்குவதற்குள் அவன் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான், இனி அந்தத் தோட்டத்தில் கால் வைக்க மாட்டேன் என்று. இன்னாசி சொன்னால் சொன்னதுதான். ராயப்பன்பட்டிக்கே தெரியும்.

அன்றிலிருந்து வேன் ஓட்டினான். தேங்காய் லோடு. வீட்டில் எல்லாப் பேச்சும் இருந்தது. தோட்டத்துப் பேச்சு மட்டும் இல்லை.

சோதித்துக் கொடுத்த நாற்றாகத் தேடி வாங்கி வந்து அதே நிலத்தில் அவள் நட்டாள். தண்ணீர் பாய்ச்சினாள். கவாத்துச் செய்தாள். கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டினாள். ஒற்றையாளாய்.

இப்போது இது.

ஒரு கொடியோடு நிற்காது. அவளுக்குத் தெரியும்.

மோட்டார் ரூமுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். யார் கண்ணிலும் படுவதற்குள் தோண்டி எடுத்துவிட வேண்டும். முக்கியமாக ஒருத்தன் காதில் விழுவதற்குள்.

கடப்பாரையை ஓங்கினாள்.

மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

நரம்பும் சிவப்பு.

மறுபடி பார்த்தாள். நோய் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவே நிற்கும். சிவப்புக்கு நடுவே பச்சைக் கோடு கோடாய். பழைய தோட்டத்தில் பார்த்துப் பார்த்து அழுத இலையல்லவா, மறக்குமா?

அண்ணாந்தாள். அதே கொடியின் மறுகிளை பச்சையாக இருந்தது. அடி இலைகளும் பச்சை. நோய் என்றால் அடியில்தானே தொடங்க வேண்டும்?

சிவந்த கிளையை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் தடுக்கியது.

ஒரு துணிக்கட்டு. கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. கிளை பருத்துவிட்டது. கட்டு இளகவில்லை. பட்டைக்குள் புதைந்து, கிளையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

கட்டுதான்.

வெறும் கட்டு.

கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். சிரித்தாள். சிரிப்பு நின்று, மறுபடி வந்தது. பக்கத்துத் தோட்டத்து நாய் வேலியோரம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

எழுந்து முடிச்சை அவிழ்த்தாள். கையால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

துணி கையில் வந்த பிறகுதான் பார்த்தாள்.

அவள் சணலில்தான் கட்டுவாள். இது கைலித் துணி. காப்பிக்கலர்க் கட்டம். கிழிந்துபோச்சு, வண்டி துடைக்க ஆகும் என்று இன்னாசி கேட்டு வாங்கிப் போன கைலி.

அவள் வரிசை வரிசையாக நடந்தாள்.

அதோ ஒரு கட்டம். அங்கே இன்னொன்று. அவள் கை போகாத இடுக்குகளில். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பிறகு மறந்தே போன மூலைகளில். எல்லாம் பதமான கட்டு. இந்த ஒன்றுதான் கை தவறி இறுகியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குக் கிளம்பினால், லோடு இருக்கிறது என்று அவன் வண்டியை எடுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமையில் எந்த மண்டி திறந்திருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். மீன் குழம்பு. அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கொடிக்குக் கட்டு போட்டா வெரல் நொழையிற அளவு விட்டுக் கட்டணுங்க. இறுக்குனா எல செவந்து போகுது."

பிசைந்த கை தட்டிலேயே நின்றது. அவன் நிமிரவில்லை.

தட்டைப் பார்த்தே கேட்டான்.

"எத்தன செவந்துருச்சு?"

"ஒண்ணே ஒண்ணுதான். அவுத்து விட்டுட்டேன்."

அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அவள் கரண்டி கரண்டியாய் ஊற்றினாள். அவன் போதும் என்று சொல்லவில்லை.

கை கழுவி வந்தவன் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைத் தொடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான்.

வரப்பில் அவன் முன்னால். அவள் பின்னால். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

தோட்டத்துப் படலுக்கு வந்ததும் நின்றான்.

அவள் முன்னால் வந்து, படலைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

இன்னாசி நல்ல உயரம். திராட்சைப் பந்தலுக்குள் நிமிர்ந்தபடி நுழைய முடியாது.

குனிந்தான்.