முதல் டக்

பெட்ரோல் பங்க்கின் சாயங்கால வெயில் காரின் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிய புது மைலேஜ் மீட்டரில், லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று பச்சை எண் எரிகிறது. ஒரு வாரமாக அந்தப் பதினான்கை வைத்தே கணவன் மனைவியை வறுத்தெடுக்கிறான்: "உனக்குக் கால் கனம், ஆக்சிலரேட்டரை அந்த மிதி மிதிக்கிற." இன்று சாவியையும் பிடுங்கிக்கொண்டு அவனே ஓட்டி வந்திருக்கிறான். வெளியே நிற்கிற அவள் காதெல்லாம் பெட்ரோல் குழாயில்தான் இருக்கிறது. டேங்க் நிறைந்ததும் அது 'டக்' என்று தானாக நிற்கிறது. பெட்ரோல் போடுபவர் வழக்கம்போல, "முழு லிட்டராக்கிடவா?" என்று பிடியை மறுபடி அமுக்கப் போகிறார். "ஐயோ, கையை எடுங்கண்ணே! போன தடவையும் முதல் டக்கோடதான் நிறுத்தினோம். இப்பவும் அப்படியே நிறுத்தினாத்தான் உண்மையில எவ்வளவு குடிச்சிருக்குன்னு தெரியும்." அவர் சிரித்தபடி குழாயை மாட்டுகிறார். அவள் பம்பில் தெரியும் லிட்டரைப் படித்து, ஜன்னல் வழியே கணவனிடம் சொல்கிறாள். "அதை மீட்டர்ல போடுங்க. இத்தனை நாளும் அது குத்துமதிப்பாத்தான் சொல்லிட்டிருந்துச்சு." அவன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறான். பச்சை எண் அணைகிறது, கொஞ்சம் யோசிக்கிறது, பதினேழு என்று எரிகிறது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. அவன் கதவைத் திறக்கிறான். இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றிப்போய், பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொள்கிறான். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கிறது.