ஆயில் கலந்தது யார்?

“ஆயில் இல்லாம ஓடியிருக்கு, பெரியவரே. அதான் நின்னுடுச்சு.”

மெக்கானிக் வந்திருந்த இருவர் முகத்தையும் பார்க்காமல், மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த படகு எஞ்சினைப் பார்த்தபடி சொன்னார். எதிரே ஸ்டூலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகள் பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினாறு நாளைக்கு முன்னால், துறைமுக வாயில் அருகே அலை மடங்கும் இடத்தில் அந்த எஞ்சின் நின்றுபோனது. படகைப் பாறைச் சுவரில் மோத விடாமல் துடுப்பை ஊன்றித் தடுக்கப் பார்த்தான் பெரியவரின் ஒரே மகன். படகையும் எஞ்சினையும் அன்றைக்கே கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். அவனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

எஞ்சின் ஏன் நின்றது என்று தெரிந்தே ஆக வேண்டுமென ஒற்றைக் காலில் நின்றவர் பெரியவர்தான்.

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவன் திரும்பி வரவா போறான்?” என்று மெக்கானிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“தெரியாம எனக்குச் சோறு இறங்கலப்பா. பிரிச்சுப் பாரு.”

பிரித்தாகிவிட்டது.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்றார் பெரியவர் இப்போது.

“இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கார் மாதிரி ஆயிலுக்குன்னு தனி இடம் கிடையாது. பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். அந்த ஆயில் இருந்தாத்தான் பிஸ்டன் வழுக்கிக்கிட்டு ஓடும். இல்லேன்னா உரசி, சூடேறி, கப்புன்னு பிடிச்சுக்கும்.”

சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்சுவரில் மேலிருந்து கீழே ஒரு பள்ளம், உளியால் இழுத்தது போல.

“போன மாசம்தானே உன்கிட்ட குடுத்துப் புது பிஸ்டன் போட்டோம்?”

“புதுசுன்னா ஆயில் இன்னும் கொஞ்சம் கூடவே ஊத்தணும். தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.”

“ஆமாண்ணே, சொன்னீங்க” என்றாள் மருமகள். அதுவரை வாயே திறக்காதவள் கிட்டே வந்து, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினாள். “மத்த இடமெல்லாம் வழவழன்னுதானே இருக்கு? ஒரே பக்கம் மட்டும் இப்படிக் கீறியிருக்கே, ஏன்?”

“சூடு எப்பவும் ஒரு பக்கம்தாம்மா முதல்ல பிடிக்கும்.”

மெக்கானிக் சிலிண்டரை வாங்கி அழுக்குத் துணியில் சுற்றி வைத்தார்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “அவன் மறக்க மாட்டானே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அளவு சொல்வானே.”

“மனுஷன்தானே பெரியவரே. ஏதோ அவசரம், மறந்திருப்பான். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அவன் தலையெழுத்து, அவன் கையாலயே நடந்துபோச்சு. மனசைத் தேத்திக்குங்க.”

பெரியவர் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அவர் கையால இல்ல மாமா.”

மெக்கானிக் நிமிர்ந்தார்.

“முந்தின நாள் அவருக்கு உள்ளங்கையில முள்ளு ஏறிக் கட்டுப் போட்டிருந்துச்சே. பெட்ரோல் கேன் மூடியைத் திருக முடியல, நீ கலந்து குடுன்னாரு. அன்னைக்கு நான்தான் கலந்தேன்.”

“ஆயில் ஊத்தினியா?” பெரியவரின் குரல் அடங்கிக் கேட்டது.

“ஊத்தினேன் மாமா. டம்ளர்ல அளந்து...” அவள் தன் கையைப் பார்த்தாள். “பாப்பா அழுதுச்சு. உள்ள போய்த் தூக்கிட்டு வந்தேன். வந்துதான் ஊத்தினேன். இல்ல, போறதுக்கு முன்னாடியே ஊத்திட்டேனா... அண்ணே, அந்தக் கேன்ல மிச்சம் இருந்தா பார்த்துச் சொல்லிடலாம் இல்ல?”

“கேன் கடலோட போயிடுச்சேம்மா.”

“அப்ப நான் ஊத்தவே இல்லையாண்ணே?”

அவள் அவரைத்தான் கேட்டாள். பிள்ளை பரீட்சை முடிவைக் கேட்பது போலக் கேட்டாள். மெக்கானிக்குக்கு வாய்வரை ஏதோ வந்தது. அது அங்கேயே நின்றது. ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

“கலந்துட்டேன், போயிட்டு வாங்கன்னு நானே வழியனுப்பினேனே மாமா.”

பெரியவர் எழுந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், ‘இனிமே இவதான் எனக்கு மகன்’ என்று பதினாறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவள் நிற்கும் பக்கம் திரும்பாமல் வெளியே நடந்தார். பட்டறை வாசல் சரிவில் அவர் கால் இடறியது. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை உதறிவிட்டார்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

“மறைக்காம உண்மையைச் சொன்னீங்கண்ணே. நீங்க நல்லா இருக்கணும்.”

பத்தடி பின்னாலேயே மாமனாரைத் தொடர்ந்து போனாள். தெருமுனை திரும்பும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மெக்கானிக், தரையில் உட்கார்ந்தார்.

காலையில் அவர் கழற்றிய கார்புரேட்டரில் தேங்கியிருந்த பெட்ரோலில், ஆயில் துளிகூடக் குறையாமல் கலந்திருந்தது. எஞ்சினுக்குள் இல்லாமல் போனது, பிஸ்டனின் குறுக்குத் தண்டு நழுவி வெளியே வந்து சிலிண்டர் சுவரைக் கீறாதபடி போன மாதம் அவர் மாட்டியிருக்க வேண்டிய ஒரு சின்னக் கம்பி வளையம்தான்.